பிள்ளையின் வழியே வரும் மதிப்பு

தமிழ்க் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு நிலையான இடம் கிடைப்பது பெரும்பாலும் அவள் தாயான பிறகுதான். பிறந்த வீட்டில் அவள் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியவள். புகுந்த வீட்டில் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவள். முதல் குழந்தை பிறந்ததும் இந்த இரண்டுங்கெட்டான் நிலை முடிகிறது. மாமியார் சில பொறுப்புகளை விட்டுக்கொடுக்கிறார், கணவன் சில விஷயங்களில் யோசனை கேட்கிறான், விசேஷ வீடுகளில் ஆரத்தி எடுக்க முதலில் கூப்பிடுகிறார்கள். பிறந்தது ஆண் குழந்தை என்றால் இந்த உயர்வு இன்னும் சீக்கிரம் வருகிறது. இந்த மதிப்பு பொய்யானது அன்று. அதைப் பெற்ற பெண்களுக்கு அது வாழ்க்கையின் பெரிய நிம்மதி. ஆனால் அது பிள்ளையின் வழியே வந்து சேர்வது. பிள்ளை இல்லாதவளுக்கும், கணவனை இழந்தவளுக்கும், மணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவளுக்கும் அதே வீட்டில் என்ன இடம் என்று கேட்கும்போதுதான் இந்த ஏற்பாடு முழுதாகப் புலப்படும்.

இதை அருகிலிருந்து பார்க்கத் தாம்பரமும் அதைச் சுற்றிய தென்சென்னைப் புறநகரும் நல்ல இடம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இங்கே இடம் மாறியது. 1984இல் சானடோரியம் பகுதியில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. பிறகு பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் குடும்பங்கள் வந்து, குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் மனை வாங்கி வீடு கட்டின. கூட்டுக் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தாலும், அதன் எதிர்பார்ப்புகளைக் கூடவே கொண்டுவந்தன.

அந்த எதிர்பார்ப்புகளைப் புரிந்துகொள்ளத் தமிழ் உறவுமுறையிலிருந்து தொடங்க வேண்டும். வட இந்தியாவில் பல சமூகங்கள் பெண்ணை உறவில்லாத குடும்பத்துக்கு, வேற்றூருக்குக் கொடுப்பதையே முறையாக வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டிலோ அத்தை மகனும் மாமன் மகனும் முறை மாப்பிள்ளைகள். சில சாதிகளில் தாய்மாமனே மாப்பிள்ளை. அப்படிப்பட்ட மணத்தில் மாமியாராக வருபவர் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்த அத்தையாகவோ பாட்டியாகவோ இருப்பார். புகுந்த வீடு முழுக்க அந்நியமாக இருக்காது. சொந்தத்துக்கு வெளியே மணம் நடந்தாலும் பிறந்த வீட்டின் பிடி விடுவதில்லை. குழந்தைக்கு முடியிறக்குவதும் காது குத்துவதும் தந்தை வழிக் குலதெய்வத்தின் கோயிலில் நடக்கும். அப்போது குழந்தை உட்கார்ந்திருப்பது தாய்மாமன் மடியில். தாய் வந்த வழியை அந்த மடி சபையறியச் சொல்லிவிடுகிறது.

2019–21இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் இரத்த உறவுக்குள் மணந்தவர்கள். மரபு நோய்கள் பற்றிய மருத்துவ எச்சரிக்கையாலும், படிப்பும் வேலையும் மாப்பிள்ளை தேடும் வட்டத்தை விரித்துவிட்டதாலும் புறநகர்க் குடும்பங்களில் இந்த வழக்கம் மங்கி வருகிறது. பிறக்கும் குழந்தைகளின் உடல்நலத்துக்கு இது நல்லது. ஆனால் மருமகளுக்கு இருந்த ஒரு காப்பும் இதோடு போகிறது. முன்பின் தெரியாத வீட்டுக்குள் வருகிறவளுக்கு அத்தை மகள் என்ற பழைய உரிமை இல்லை. அவள் அங்கே வேர் பிடிக்கக் குழந்தை ஒன்றே வழி என்றாகிறது. மணமான ஆறாம் மாதமே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற விசாரிப்பு தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விசேஷம் உண்டு என்று தெரிந்ததும் பெண்ணைச் சுற்றியுள்ள சூழலே மாறுகிறது. ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை மாதத்தில் வளைகாப்பு. மனையில் உட்காரவைத்து, கன்னத்திலும் கைகளிலும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்துப் பன்னீர் தெளிப்பார்கள். சில வீடுகளில் வேப்பங்கொழுந்தை வளைத்துக் கட்டிய காப்புதான் முதலில் கையில் ஏறும். பிறகு ஒவ்வொரு பெண்ணாக வந்து கண்ணாடி வளையல் அடுக்குவார்கள். சிவப்பும் பச்சையுமாக இரண்டு கைகளிலும் வளையல் நிறைந்து, கையை மடக்க முடியாமல் அவள் உட்கார்ந்திருப்பாள். வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று கலந்த சாதங்கள் கட்டி வந்திருக்கும். மசக்கையில் வாய் கசந்து கிடந்தவளுக்கு எது பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாததால் எல்லாமே வரும். வாழ்க்கையில் வேறெந்த நாளிலும் அவள் விருப்பத்தை இத்தனை பேர் ஒரே நேரத்தில் கேட்டிருக்க மாட்டார்கள்.

சடங்கு முடிந்து அவள் தாய்வீட்டுக்குப் போகிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தில் பெரிய அறிவு இருக்கிறது. பேறுகால விடுப்பு என்ற சட்டம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, புகுந்த வீட்டின் வேலையிலிருந்து சில மாதங்கள் விலகியிருக்கும் உரிமையை அது பெண்ணுக்குத் தந்தது. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பிரசவ லேகியம், வெந்நீர்க் குளியல், வேளைக்கு உறக்கம் எல்லாம் தன் அம்மாவின் கையால் கிடைத்தன. சங்கடம், செலவு முழுவதும் பெண் வீட்டார் தலையில் விழுவது. வளைகாப்பு, மருத்துவமனைக் கட்டணம், குழந்தைக்கு அரைஞாண், கொலுசு, தொட்டில் என்று பட்டியல் நீளும்போது, கல்யாணக் கடனே அடையாத குடும்பம் இன்னொரு கடனில் இறங்குகிறது. மகளின் தாய்மை அவளைப் பெற்றவர்களுக்குச் சுமையாகி, 'பெண் பிள்ளை செலவு' என்ற பழைய எண்ணத்துக்கு உரம் போடுகிறது.

வளையல் போட முதலில் யாரை அழைக்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. கணவனும் குழந்தைகளும் உள்ளவர்களே முன்னால் வருவார்கள். பிள்ளையில்லாத அக்காவும் கணவனை இழந்த பெரியம்மாவும் சமையற்கட்டில் வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே நின்றுகொள்வார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்வதில்லை. எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகியிருக்கும். இந்த விழாவின் மிகக் கொடிய பகுதி இதுதான். அங்கன்வாடி மையங்கள் வழியாக அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு இந்த விழாவை வீட்டு வாசலுக்கு வெளியே கொண்டுவந்தது. சாதி, மத வேறுபாடில்லாமல் கர்ப்பிணிகளை ஒரே வரிசையில் உட்காரவைத்து வளையலும் சாப்பாடும் சத்துணவு பற்றிய அறிவுரையும் தருகிறார்கள். சீர் செய்ய ஆளில்லாத பெண்ணும் அங்கே வளையல் போட்டுக்கொள்கிறாள்.

குழந்தை தாமதமானால் முதலில் கோயில். மாங்காடு காமாட்சியம்மன் கோயிலுக்கு எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் தொடர்ந்து போவது தென்சென்னைப் பெண்களிடையே பரவலான வேண்டுதல். ஊர்க் கோயில் மரங்களில் மஞ்சள் துணித் தொட்டில்கள் தொங்குவதைக் காணலாம். அடுத்தது மருத்துவமனை. தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் பிறந்தது. இன்று ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் கருத்தரிப்பு மைய விளம்பரங்களைப் பார்க்காமல் போக முடியாது. இந்தச் சிகிச்சை மையங்களையும் வாடகைத்தாய் முறையையும் ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் 2021இல் இரண்டு சட்டங்களை இயற்றியது. குறை ஆணிடம் இருக்கும் வாய்ப்பும் கணிசமானது என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. எளிய விந்துப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய அந்த உண்மையை அறிய விரும்பாமல், பெண்ணை மாதக்கணக்கில் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் அலைய விடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பிள்ளையில்லாத தம்பதி மீது ஊரும் உறவும் செலுத்தும் அழுத்தத்தை மையமாக வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து எழுந்த எதிர்ப்பு எழுத்தாளரையே மௌனமாக்கியது. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த பிறகே அவர் மீண்டும் எழுத்துலகுக்குத் திரும்பினார்.

தாயாகாத பெண்ணைத் தமிழ் மரபு மதித்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பல்லாவரத்தை அடுத்த குன்றத்தூர்க்காரர். அவர் சொல்லும் காரைக்கால் அம்மையாரின் கதையில், மனைவியின் தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சிய கணவன் அவளைப் பிரிந்து வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே வைக்கிறான். பிள்ளை பெறாத புனிதவதி, அழகையும் உடலின் தசையையும் உதறிப் பேயுருக் கொண்டு கயிலைக்குப் போகிறாள். அங்கே சிவன் அவளைத் தாய் என்று அழைக்கிறான். அறுபத்து மூவர் வரிசையில் உட்கார்ந்த கோலத்தில் இருப்பவர் அவர் ஒருவரே என்பார்கள். ஔவையாரைப் பற்றிய கதையிலும் இளமையையே வேண்டாம் என்று கிழவியான பிறகுதான் அவர் ஊர் ஊராக நடக்கிறார். வீட்டுக்கு வெளியே மதிப்புப் பெற்ற இந்த இருவருமே பெண்ணுடலின் இளமையை விலையாகக் கொடுத்தவர்கள் என்பது தற்செயல் ஆகாது.

அந்த விலையைக் கொடுக்காமலே ஒரு பெண் தனக்கென இடம் அமைத்துக்கொள்ள முடியும் என்று காட்டியவர் சகோதரி சுப்பலட்சுமி. 1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே மணமாகிச் சில காலத்திலேயே கணவனை இழந்தார். மகளை மூலையில் உட்காரவைக்காமல் தந்தை சுப்பிரமணிய ஐயர் படிக்கவைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றபோது, சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்துப் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு சாரதா இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் அந்த விடுதி கடற்கரை ஐஸ் ஹவுஸில் நடந்தது. அங்கே தங்கிய சிறுமிகள் படித்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். பிள்ளை பெறாத ஒருவர் நூற்றுக்கணக்கான பெண்களுக்குத் தாயின் காவலையும் ஆசிரியையின் கண்டிப்பையும் சேர்த்துத் தந்தார். விடுதி முதலில் பிராமண விதவைகளுக்காக, அவர்களுடைய ஆசாரங்களை அனுசரித்தே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்படி நடத்தாவிட்டால் எந்தப் பெற்றோரும் பெண்ணை அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது அக்கால நிலைமை. பிற சாதிப் பெண்கள் அந்த வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

அவருடைய கடைசிப் பெரிய முயற்சிகளில் ஒன்று தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் நடந்தது. 1954இல் அந்தக் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூகநல மையம் அமைய உதவினார். அப்போது அவருக்கு வயது 68. சென்னை மாநில மேலவையில் நியமன உறுப்பினராகவும் இருந்தார். நகரத்து விதவைச் சிறுமிகளிடம் தொடங்கிய வேலை, சாதாரணக் கிராமத்துத் தாய்மார்களிடம் வந்து சேர்ந்தது. 1969இல் அவர் மறைந்தார். மாடம்பாக்கம் இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி.

சுப்பலட்சுமி பிறந்த அதே 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி மரபில் வந்த தாயின் மகள். 1912இல் மருத்துவரானார். சட்டமன்றத் துணைத் தலைவராக இருந்தபோது தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். போக்கிடமில்லாத பெண்களுக்காக 1930களின் தொடக்கத்தில் அவர் அமைத்த இல்லத்துக்கு ஔவையின் பெயரை வைத்தார். அது பின்னாளில் அடையாற்றில் வேரூன்றியது. அவர் பெயரில் தமிழக அரசு நடத்தும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் மதிப்பிலான பணமும் ஊட்டச்சத்துப் பொருள்களும் தருகிறது. தாயின் உடலைப் பேணுவது தாய்வீட்டின் கடமை மட்டும் ஆகாது, அரசின் கடமையும் கூட என்ற எண்ணம் இங்கே வலுப்பெற்றதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

தாய்மையைப் போற்றுவதைவிடப் பெண்ணுக்குச் சொத்துரிமை கொடுப்பதே முக்கியம் என்ற வாதமும் இதே வட்டாரத்திலிருந்து எழுந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, ஆணுக்குச் சமமான சொத்துரிமை பெண்ணுக்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கருத்தடையை மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் குடும்பப் பொருளாதாரத்துக்காகவும் ஆதரித்த காலத்தில், பெண் சுதந்திரமாக வாழ்வதற்கே அது வேண்டும் என்று பெரியார் எழுதினார். தாய்மைதான் பெண்ணின் பிறவிப்பயன் என்று எல்லாத் தரப்பும் பேசிக்கொண்டிருந்த நாளில் அது பெரும் அதிர்ச்சி. அந்தச் சொத்துரிமைத் தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989இல் தமிழக அரசு வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு கொடுத்தது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல்தான் வந்தது. சட்டம் வந்த பிறகும், அண்ணன் தம்பியிடம் சொத்தில் பங்கு கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று அஞ்சி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் பெண்கள் சார்பதிவாளர் அலுவலகங்களில் குறைவில்லை. பிள்ளைக்குத் தாய்மாமன் மடி வேண்டுமே என்பதும் அந்தக் கையெழுத்துக்குள் இருக்கிறது.

சொத்தில்லாத தாயின் நிலை எவ்வளவு சீக்கிரம் சரியும் என்பதைத் தாம்பரம் சானடோரியம் கண்டது. 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை அது. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகள் பெருமளவில் தேடி வந்த இடமானது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று. கணவனைக் கவனித்துக்கொள்ள வந்த மனைவிகள் பலருக்குத் தங்களுக்கும் தொற்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கணவன் இறந்ததும் பழி மருமகள் மேல் விழுந்தது. கைக்குழந்தையோடு அவளை வெளியே அனுப்பிய வீடுகளும் உண்டு. பேரனைப் பெற்றுக் கொடுத்தவள் என்ற மதிப்பு அங்கே ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. இத்தகைய பெண்கள் தாங்களே ஒன்றுசேர்ந்து 1998இல் சென்னையில் கௌசல்யா என்பவரின் தலைமையில் தொற்றுள்ள பெண்களுக்கான அமைப்பை உருவாக்கினார்கள்.

சம்பளம் பெண்ணின் கைக்கு வந்தது இந்தப் புறநகரின் அடுத்த பெரிய மாற்றம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சானடோரியம் ஏற்றுமதி மண்டலத்தின் ஆயத்த ஆடை ஆலைகளில் தையல் இயந்திரங்களின் முன் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெளியூரிலிருந்து தனியாக வந்து வேலை பார்ப்பவர்களுக்குத் தாம்பரத்தில் அரசின் தோழி விடுதி இருக்கிறது. சம்பளம் வந்ததால் வீட்டு வேலை குறைந்துவிடவில்லை. மாலை ஆறரைக்குக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் ரயிலின் மகளிர் பெட்டியில் ஏறினால் இது கண்கூடாகத் தெரியும். ஜன்னலோரம் இடம் பிடித்தவர் மாம்பலத்தில் வாங்கிய அவரைக்காயை மடியில் போட்டு நார் உரிக்கிறார். எதிரே ஒருவர் பூண்டு உரித்துச் சின்ன டப்பாவில் சேர்க்கிறார். இன்னொருவர் கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி, பையனுக்கு எந்தப் பாடத்தில் வீட்டுப்பாடம் என்று மாமியாரிடம் கேட்டுக்கொண்டே பூத் தொடுக்கிறார். அலுவலகத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரமும் அவர்களுடையதாக இல்லை. மத்திய அரசின் 2019 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு எண் தருகிறது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடங்கள்.

வேலைக்குப் போகும் தாயின் இடத்தை நிரப்புவது பெரும்பாலும் இன்னொரு தாய். பேறுகால விடுப்பு முடியும் சமயத்தில் ஊரிலிருந்து பாட்டி வருகிறார். அம்மா ஆறு மாதம், மாமியார் ஆறு மாதம் என்று முறை வைத்துக்கொள்ளும் வீடுகள் மேடவாக்கத்திலும் நங்கநல்லூரிலும் நிறைய. தென்மாவட்ட ரயில்கள் தாம்பரத்தில் நிற்பதால் வந்து போவது எளிது. ஆனால் வாழ்நாளெல்லாம் தெருவில் நாலு பேரோடு பேசிப் பழகியவர், மூன்றாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கைக்குழந்தையோடு பகலைக் கழிக்கிறார். தாத்தா ஊரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். அறுபது வயதில் இரண்டாம் முறை தாயாகும் இந்தப் பெண்களின் உழைப்பு இல்லாவிட்டால் புறநகரின் பாதி வீடுகளில் இரண்டாவது சம்பளம் இருக்காது. எந்தக் கணக்கெடுப்பும் அவர்களைப் பற்றித் தனியாகப் பேசுவதில்லை.

பேறுகாலச் சலுகைச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பைக் கொண்டுவந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. தமிழக அரசு தன் ஊழியர்களுக்கான விடுப்பை 2021இல் பன்னிரண்டு மாதமாக்கியது. மறுமணத்தில் குழந்தை பெற்ற தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முந்தைய மணத்தில் இரண்டு பிள்ளைகள் இருப்பதைச் சொல்லி விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்றது. தந்தைக்கு இப்படிப் பொதுவான சட்டம் இல்லை; மத்திய அரசு ஊழியர்களுக்குப் பதினைந்து நாள் உண்டு. குழந்தை வளர்ப்பு தாயின் வேலை என்ற குடும்ப வழக்கத்தையே சட்டமும் வழிமொழிகிறது. மகப்பேற்றுக்காகப் பெண்ணைக் காக்கும் சட்டம், பெண்களை வேலைக்கு எடுக்க முதலாளிகளைத் தயங்க வைப்பதற்கும் இந்த ஏற்றத்தாழ்வே காரணம்.

வீட்டுக்குள் நடக்கும் உழைப்புக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியை நீதிமன்றங்கள் மெல்ல எடுத்துக்கொண்டன. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து உழைக்காதவர்கள் என்று வகைப்படுத்தியிருந்ததை 2010இல் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. கணவர் சவூதி அரேபியாவில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கு அது. பிள்ளைகளையும் வீட்டையும் மனைவி கவனித்துக்கொண்டதால்தான் கணவரால் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, தகுதியுள்ள குடும்பத் தலைவிகளின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுகிறது. தனித்து வாழும் மணமாகாத பெண், கைம்பெண், திருநங்கை ஆகியோரையும் குடும்பத் தலைவியாக அத்திட்டம் ஏற்கிறது. வீட்டுச் சடங்குகள் பின்வரிசையில் நிறுத்தியவர்களை அரசாணை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது பாராட்டத்தக்க காரியம்.

பெயர் விஷயத்தில் மாற்றம் இன்னும் மெதுவாகவே நடக்கிறது. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பிறந்தபோது தந்தையின் எழுத்து, மணமானதும் கணவனின் எழுத்து. மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மாற்றிக்கொண்டவர்கள் சான்றிதழில் ஓர் எழுத்தும் ஆதாரில் ஓர் எழுத்துமாக அலைகிறார்கள். பெற்றவளின் எழுத்து பிள்ளையின் பெயரில் அரிதாகவே இடம்பெறுகிறது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்துக் கேட்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் தந்தைக்கு அடுத்த இடத்தில்தான் தாயை வைத்திருந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடு இருந்தாலும் பிள்ளையின் பொறுப்பை அவர் ஏற்காத நிலையில் தாயே இயற்கைக் காப்பாளராகலாம் என்று விளக்கம் தந்தது. பெற்று வளர்த்தவள் காப்பாளர் என்று எழுதிக்கொள்ள உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பொதுவாழ்வில் சில கதவுகள் திறந்திருக்கின்றன. உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கிய தமிழ்நாட்டில், 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு அடுத்த ஆண்டு முதலாவது மேயராக வந்தவர் இளம்பெண்ணான வசந்தகுமாரி கமலக்கண்ணன்.

முதுமையில் இந்தக் கணக்கெல்லாம் நேருக்கு நேர் வந்து நிற்கிறது. மூத்த எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர் வாழ்வைக் 'கரிப்பு மணிக'ளிலும், பெண் சிசுக்கொலையை 'மண்ணகத்துப் பூந்துளிக'ளிலும் எழுதியவர். 'வேருக்கு நீர்' நாவலுக்காக 1973இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். காலந்தோறும் பெண்ணின் நிலை எப்படி மாறியது என்று கட்டுரை நூல்களும் எழுதினார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் மறைந்த பிறகு கையிருப்பும் ஆதரவும் கரைந்து, பாலவாக்கத்தில் உள்ள விச்ராந்தி முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். 2009இல் தமிழக அரசு, அவர் வாழும்போதே அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கி உதவித்தொகை தந்தது. 2014இல் அவர் காலமானார். பிள்ளை இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்று சிலர் சொல்லக்கூடும். அதே விச்ராந்தியைச் சாவித்திரி வைத்தி 1978இல் தொடங்கியதே, பிள்ளைகள் இருந்தும் கவனிப்பாரற்றுப் போன முதியவர்களையும் மனத்தில் வைத்துத்தான்.

பெற்றோர் பராமரிப்புக்கான மத்தியச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகள் கைவிட்ட தாயோ தந்தையோ கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து, மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த தாம்பரத்துக்குத் தனிக் கோட்டாட்சியர் அலுவலகமே இருக்கிறது. மனுக்களில் அடிக்கடி வருவது, கடைசிவரை பார்த்துக்கொள்வான் என்று நம்பி வீட்டை மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்ட கதை. கணவர் போன பிறகு தாயின் பெயரில் மிஞ்சியிருந்த ஒரே சொத்து அந்த வீடாக இருக்கும். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதவில்லை என்று சொல்லிப் பிள்ளைகள் தப்பித்து வந்தார்கள். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, அன்பும் பராமரிப்பும் இப்படிப்பட்ட பத்திரத்தில் எழுதாமலே அடங்கிய நிபந்தனைகள் என்றும், அவை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்து சொத்தை மூத்தவருக்கே திருப்பலாம் என்றும் தீர்ப்பளித்தது.